எத்தனை அடி

எத்தனை அடி என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.
பெயர் அப்புறம்.
இருபத்துநான்கு என்றேன் பெல்லிங்ஹாமுக்கு.
இருபத்துநான்கு என்றேன் லா கானருக்கு.
போர்ட் டவுன்சென்டில் போனை எடுத்தவள்
காத்திருப்போர் பட்டியல் ஒன்பது வருடம் என்றாள்.
சொல்லிவிட்டுத் தும்மினாள், மன்னிக்கச் சொன்னாள்,
எதற்கென்று தெரியவில்லை.

நான் இருப்பது ஸ்போகனில்.
கோதுமை வயல்களுக்கு நடுவே பாய்மரப் படகு வைத்திருப்பவனை
பக்கத்து வீட்டு லைல்
குளியலறையில் ஆடு கட்டியவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்.
டிரெய்லரின் மேல், தார்ப்பாய்க்குக் கீழே,
ஆறு குளிர்காலம்.
சுக்கான் இடுக்கில் குளவி கூடு கட்டியிருந்தது.

மார்ச் கடைசியில் அனகார்ட்டிஸ்.
துறைமுக அலுவலகத்தில் வெர்லா ஹாட்ஜ்.
"ஒன்று இருக்கிறது. ஆனால் இல்லை" என்றாள்.
டி வரிசை, பதினேழு.
ஸுவிச்சின் படகு மே மாதம்
சால்மனுக்காக அலாஸ்கா போகும்.
செப்டம்பர் பத்துவாக்கில் திரும்பும்.
நடுவிலுள்ள தண்ணீர் உனக்கு.
அவன் வந்தால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்,
பகலா இரவா என்று பார்க்கக் கூடாது.

ஒப்பந்தத் தாளில் நீளம் இருந்தது, அகலம் இருந்தது.
ஆழத்துக்குக் காசு கேட்கவில்லை.

அவனுடையது ஐம்பத்தெட்டு அடி.
அவன் வடம் உரசிப் பளபளத்த இரும்புக் கொம்புகளில்
என் கயிறுகள் அரைஞாண் மாதிரி.
டயர்கள் தொங்கின, கறுப்பாக, இன்னும் அவனுக்காக.
மேடையில் கவிழ்த்த ஒரு வெள்ளை வாளி.
பெயின்ட்டில் எழுதியிருந்தான்:
ஸுவிச். தொடாதே.
கோடை முழுவதும் அதன்மேல்தான் உட்கார்ந்தேன்.

வெள்ளிதோறும் பல் மருத்துவமனைக் கணக்கை மூடிவிட்டு
ஸ்னோக்வால்மி கணவாய் ஏறி இறங்கி
ஆறு மணிநேரம்.
நள்ளிரவில் வந்து சேர்ந்தால்
கடல்நாய் ஒன்று மூச்சு விடும் சத்தம்,
யாரோ பக்கத்து அறையில் புரண்டு படுப்பதுபோல.
லோபஸ் தீவுவரை போனேன், நான்கு முறை.
இரண்டு முறை காற்றே இல்லை.
குறை சொல்லவில்லை.

ஆகஸ்ட் முடியும்போது வேண்டிக்கொண்டேன்:
அவனுக்கு மீன் கொட்டட்டும்,
வலை கனக்கட்டும், மெதுவாக வரட்டும்.
ஆசீர்வாதம் மாதிரியே இருந்தது.

பத்து போயிற்று. பதினான்கும்.
சாயங்காலங்களில் அவன் மனைவி நெடா
சைக்கிளை உருட்டிக்கொண்டு மேடையின் நுனிவரை வந்தாள்.
என்னைப் பார்க்கவில்லை. என் படகைப் பார்த்தாள்,
வீட்டுக்காரர் நாற்காலியில் அமர்ந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல.
"கெச்சிக்கனிலிருந்து பேசினான்" என்றாள்,
"வியாழக்கிழமை."
எந்த வியாழன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.
வடக்கே புயல் என்றது வானொலி.

ஊருக்குத் திரும்பவில்லை. விடுப்புச் சொன்னேன்.
வெர்லா வந்து, எவ்வளவு நாள் வேண்டுமானாலும்
இருந்துகொள் என்றாள்.
மார்ச்சில் நான் ஏங்கிய வாக்கியம்.
தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

அன்றிரவு எல்லா முடிச்சுகளையும் மாற்றிக் கட்டினேன்,
ஒரே இழுப்பில் அவிழும்படி.
மோட்டாரை ஓட்டிப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன்.
நெடா கேட்டிருப்பாள்; ஒன்றும் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் தேதி, விடியற்காலை நாலு பத்து.
"கிளம்பு" என்றாள் வெர்லா.
நான் புரிந்துகொள்வதற்குள்
"கிளம்புடா!" என்று கத்தினாள்.
காலுறையோடு ஓடினேன். கையில் கிடைத்ததையெல்லாம்
படகுக்குள் எறிந்தேன்.
வெளியேற்றப்பட்டவன் எவனும்
இப்படிச் சிரித்துக்கொண்டு கயிறு அவிழ்த்திருக்க மாட்டான்.

மூடுபனிக்குள் வட்டமடித்தேன்,
கட்ட இடமில்லாத இருபத்துநான்கு அடி.
முதலில் சத்தம், பிறகு ஒற்றை விளக்கு,
பிறகு அது: துருவேறி, ஒரு கம்பம் முறிந்து,
முன்கண்ணாடியில் ஒட்டுப்பலகை அடித்து.
டயர்கள் முனகின.
மேடையில் சைக்கிள் விழுந்த ஓசை கேட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு தண்ணீர்மேல் ஒரு கரகரத்த குரல்,
என்னை நோக்கித்தான்:
"ஏய், என் வாளி எங்கே?"

சுக்கானைப் பிடித்தபடி
அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.